ஆறாம் வகுப்பு: சமச்சீரா, சிபிஎஸ்இயா?

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. சமச்சீர் எனப்படும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். சிபிஎஸ்இயில் இவற்றோடு மூன்றாவது மொழியும் சேரும், பெரும்பாலும் இந்தி அல்லது சமஸ்கிருதம். கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை; முழு எண்களும் பின்னங்களும் இரண்டிலும் உண்டு.

சமூக அறிவியலில்தான் உண்மையான வித்தியாசம். 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புத்தகம் வரலாறு, புவியியல், குடிமையியல் என்று பகுதி பிரிக்கிறது. சிந்துவெளியைப் படித்த பிள்ளை அடுத்து பூம்புகார், மதுரை, காஞ்சி பற்றிப் படிக்கிறது. சொந்த மண்ணின் பழைய நகரங்களுக்குத் தனிப்பாடம் கிடைப்பது பெரிய விஷயம். சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும், 2024இல் மாறிய என்சிஇஆர்டி புத்தகம் நிலம், கடந்த காலம், பண்பாடு, ஆட்சி, பொருளாதாரம் என்று கருப்பொருள்களாகக் கோக்கிறது. இந்தியா முழுவதும் கண்ணில் படும். ஆனால் தமிழகத்துக்குக் கிடைக்கும் இடம் குறைவு.

தொழிற்கல்வியில் சிபிஎஸ்இ முந்துகிறது. உயிரினங்கள், இயந்திரங்கள், மனித சேவை என மூன்று வகைகளிலும் செயல்திட்டம் செய்ய வேண்டும். செடி வளர்ப்பதும் பாடம்தான்! நம் புத்தகத்தில் கணினி, அறிவியலுக்குள்ளேயே ஒரு பாடமாக வருகிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கைவேலைக்கு இன்னும் இடம் வேண்டும்.

வேலை மாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பம் என்றால் சிபிஎஸ்இ வசதி. இங்கேயே இருப்பவர்களுக்கு என் பரிந்துரை சமச்சீர். அப்புறம், எதில் சேர்த்தாலும் முதலில் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.