தமிழ் இணைய இதழுக்கு வேர்ட்பிரஸ்: பிஎச்பியில் கைவைத்து ஓட்டிய அனுபவம்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் தொடங்க, அது எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழி தெரிய வேண்டியதில்லை என்பார்கள். ஆங்கிலத் தளத்துக்கு அது சரி. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய தமிழ் இதழுக்கு முதல் மாதமே தேவைப்பட்டுவிட்டது. பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கி எழுதும் பிளாக் எடிட்டர் வருவதற்கு முன்பிருந்தே இந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் எந்தத் திருத்தம் நின்றது, எது போனது என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதல் தலைவலி கட்டுரையின் இணைய முகவரி. தலைப்பிலிருந்துதான் வேர்ட்பிரஸ் அதை உருவாக்குகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறியீட்டுக்கு 9 இடம். டேட்டாபேஸில் இதற்கு இருப்பதோ மொத்தம் 200. புள்ளி, கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 22ஐத் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடும். 'நாஞ்சில் நாட்டு மழைக்கால உணவுகள்' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'மழைக்கால' என்பதோடு நின்றுவிடும். கட்டுரையே உணவைப் பற்றியது, முகவரியில் உணவு இல்லை! இதை வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகள் வரிவரியாக ஓடும்.

இதற்கு 'சானிடைஸ் டைட்டில்' என்ற ஃபில்டரைப் பிடித்தேன். ஃபில்டர் என்பது வேர்ட்பிரஸ் கையாளும் தகவலை நடுவழியில் நாம் மாற்ற விடும் இடம். வேர்ட்பிரஸின் சொந்த வேலை முன்னுரிமை 10இல் நடக்கிறது; சிறிய எண் முதலில் ஓடும். என் ஃபங்ஷனை (நிரல் துண்டை) 9இல் மாட்டினால் அதற்கு முன்பே தமிழை ரோமன் எழுத்தாக மாற்றிக் கொடுத்துவிடலாம். மெய்க்குப் பின்னால் புள்ளியா, உயிர்க்குறியா, ஒன்றுமில்லையா என்று பார்த்து மாற்றும் ஒரு அட்டவணை, அவ்வளவுதான். 'ச'வை எப்படி எழுதுவது என்பதில்தான் நண்பர்களோடு ஒரு வாரம் சண்டை. சேமிக்கும்போது மட்டும் இது ஓட வேண்டும், ஏற்கெனவே உள்ள முகவரிகளைத் தொடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். இன்றுவரை அந்தக் கோப்பைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

முன்னோட்டச் சுருக்கம் சின்ன விஷயம். இயல்பாக 55 சொற்கள் எடுக்கும். 'எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். 55 சொல் என்றால் முகப்பில் பாதிக் கட்டுரை வந்துவிடும். ஒரு வரி ஃபில்டரில் 30 ஆக்கினேன்.

தலைப்புகளை வெட்டுவது அப்படி எளிதல்ல. பக்கப்பட்டியில் நீளமான தலைப்புகளை வெட்ட எங்கள் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) 'சப்ஸ்டர்' என்ற சாதாரண பிஎச்பி ஃபங்ஷனைப் பயன்படுத்தியது. அது பைட் கணக்கில் வெட்டுவதால், கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்கார்ந்தது. குறியீட்டுக் கணக்கில் வெட்டும் 'எம்பி சப்ஸ்டர்' போட்டால் கேள்விக்குறி போய்விடும். ஆனால் 'கொ' இருந்த இடத்தில் 'க' மட்டும் நிற்கும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு முதல் வகைக் கணக்கில் நீளம் 15, இரண்டாவதில் 5. நாம் எண்ணுகிற 3 வர வேண்டுமானால் 'கிராஃபீம்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள்தான் வழி. அதற்கு சர்வரில் இன்ட்ல் என்ற பிஎச்பி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுப்பு) இருக்க வேண்டும். ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் இடம்) வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

சரி, இந்த நிரல்களையெல்லாம் எங்கே வைப்பது? தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் துடைத்துவிடும் என்பது தெரிந்ததே. தாய்த் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் சைல்ட் தீம் அதைத் தடுக்கும். ஆனாலும் டெம்ப்ளேட் (பக்க அமைப்பு) கோப்புகளை அதில் நகலெடுத்து வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தாய்த் தீம் மாறிக்கொண்டே போகும், நகல் பழசாகவே கிடக்கும். தவிர, 2022இல் வேர்ட்பிரஸ் 5.9 பதிப்போடு பிளாக் தீம்கள் வந்தபோது டெம்ப்ளேட்டுகளே பிஎச்பியிலிருந்து எச்டிஎம்எல் ஆகிவிட்டன. ஹெடர் கோப்பில் செய்திருந்த அலங்காரம் எல்லாம் வீண். ஃபில்டரில் மாட்டியவை மட்டும் புதுத் தீமிலும் அப்படியே ஓடின. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு சிறிய சொந்த ப்ளக்இன்னில் (தீமைச் சாராத கூடுதல் நிரலில்) போட்டுவிட்டேன். தோற்றம் தீமில், தமிழ் வேலைகள் ப்ளக்இன்னில்.

நடுவில் ஒருமுறை ஹோஸ்டிங்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பிஎச்பியை 8க்கு ஏற்றிவிட்டார்கள். யாரோ எழுதிய பழைய ப்ளக்இன் ஒன்று 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பிஎச்பி வசதியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதை பிஎச்பி 7.2இலேயே கைவிடச் சொல்லி எச்சரித்து, 8.0இல் நீக்கியே விட்டார்கள். தளம் படுத்துவிட்டது. 2019இல் வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பில் வந்த ரெக்கவரி மோடு அன்று கைகொடுத்தது: நிர்வாகி மின்னஞ்சலுக்கு ஒரு சுட்டி வந்தது, அதன் வழியே நுழைந்து அந்த ப்ளக்இன்னை நிறுத்தினேன். இந்த வசதி, நிர்வாகப் பக்கத்தில் அணைக்க முடியாத மஸ்ட்-யூஸ் ப்ளக்இன்களுக்குப் பொருந்தாது. யாரும் தவறி அணைத்துவிடக் கூடாது என்று நிரலை அங்கே வைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தீராதது தேடல். வேர்ட்பிரஸ் எழுத்துக்கு எழுத்து பொருத்தித்தான் தேடுகிறது. 'மழை' என்று தேடினால் 'மழையில்' கிடைக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. கடைசி 'ம்'மை வெட்டிவிட்டுத் தேடும்படி ஒரு ஃபில்டர் எழுதிப் பார்த்தேன். மரத்தடி, மரங்கள் எல்லாம் வந்தன. கூடவே மரபு, மரணம், மரவள்ளிக்கிழங்கும் வந்தன. இப்போதைக்கு அதை அணைத்து வைத்திருக்கிறேன்.