பாக்கி ஷீட்டும் ஃபில்டரும்: எக்செல்லோடு சில வருடங்கள்

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பில் போடத் தனி மென்பொருள் உண்டு. ஆனால் பாக்கி வசூல், ஊர் ஊராக வசூலுக்குப் போகும் லைன் வாரிக் கணக்கு எல்லாம் அதிலிருந்து எக்செல்லுக்கு இறக்கிய ஷீட்டில்தான் நடக்கிறது. அந்த ஷீட்டில் நான் அதிகம் தொடுவது, வேண்டிய வரிகளை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் ஃபில்டரைத்தான்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் அமுக்கினால் தலைப்புகளில் அம்புக்குறி வந்துவிடும். ஆல்ட்டும் கீழ் அம்பும் சேர்ந்தால் பட்டியல் திறக்கும். மேலூர் லைனுக்குப் போன தம்பி "அண்ணே, இன்னைக்கு யாருக்கிட்டல்லாம் வாங்கணும்?" என்று போனில் கேட்டால், மவுஸைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

எனக்கு அதிகம் உதவுவது ஜிஎஸ்டி நேரத்தில். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கேரளா 32. 32-ல் தொடங்குபவை மட்டும் என்று ஃபில்டர் வைத்தால் குமுளிப் பக்கத்துப் பார்ட்டிகள் தனியே வந்து நிற்பார்கள். அங்கே சரக்குப் போன பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிக்குப் பதில் உள்மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி விழுந்திருந்தால் கண்ணில் குத்தும்.

ஃபில்டரில் மறைந்த வரிகள் மறைந்தே இருப்பதில்லை, வம்பு அங்கேதான். சாதாரண சம் ஃபார்முலா மறைந்ததையும் கூட்டிவிடும். திருமங்கலம் பாக்கி மட்டும் வேண்டுமென்றால் சப்டோட்டல் ஃபார்முலா, அதில் முதல் எண்ணாக 9. வரிகளைக் கையால் ஹைட் செய்யும் பழக்கமுள்ளவர்கள் 109 போடட்டும். பேஸ்ட் இன்னும் மோசம்: பல வரிகளைக் காப்பி செய்து ஃபில்டர் போட்ட இடத்தில் ஒட்டினால், இடையில் மறைந்திருக்கும் வரிகளிலும் போய் உட்காரும். ஃபில்டரை எடுக்கும்வரை வெளியே தெரியாது. பாக்கிக் கணக்கில் இது விளையாட்டில்லை.

ஷீட் நடுவில் முழு வரி காலியாக இருந்தால், ஃபில்டர் அதற்கு மேலேயே நின்றுவிடும். முதலில் பத்திகளை முழுதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃபில்டர் போடுவதுதான் வழி. தேதி எழுத்தாக இறங்கியிருந்தால் வருடம், மாதம் என்று விரியாமல் நீளப் பட்டியலாகக் கொட்டும். டெக்ஸ்ட் டு காலம்ஸில் நாள்-மாதம்-வருடம் என்று சொல்லி மாற்றினால் சரியாகும்.

2010 பதிப்பில் வந்த தேடல் பெட்டி நல்ல வசதி. ஆனால் மேலூரைத் தேர்ந்தபின் உசிலம்பட்டியைத் தேடி ஓகே கொடுத்தால் மேலூர் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ள ஃபில்டரோடு சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். தேடும்போது மட்டும் தலைகாட்டும் கட்டம் அது. பலர் பார்ப்பதே இல்லை.

தமிழில் பெயர் அடிப்பவர்களுக்கு ஒன்று. யூனிகோடில் ஸ்ரீயை ஸகரம் வைத்தும் எழுதலாம், 2005-ல் சேர்ந்த ஶகரம் வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, ஃபில்டருக்கோ அவை இரண்டு கடைகள். மதுரையில் ஸ்ரீ இல்லாத கடைப் பெயர்கள் எத்தனை இருக்கும்? ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிட்டுத்தான் இப்போதெல்லாம் ஃபில்டரையே திறக்கிறேன்.