உதட்டு ஃபில்லர், பேனா, நிறமேற்றல்: மலைநாட்டில் இருந்துகொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

கல்யாண மாதங்கள் நெருங்கினால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துச் சலூன்களில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, உதட்டைக் கொஞ்சம் பெருசாக்க எது நல்லது?" மணப்பெண் அலங்காரம் செய்கிறவள் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். கையிலிருக்கும் போனில் யாரோ ஒருத்தி ஊசி போட்ட அன்றே எடுத்த படம் இருக்கும். அன்று தெரியும் பருமனில் ஒரு பங்கு வெறும் வீக்கம். இரண்டு வாரம் கழித்து எடுத்த படம்தான் உண்மையைக் காட்டும். அதனால் படங்களை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயங்களை மட்டும் ஒப்பிடுகிறேன். பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ஏதாவது தவறினால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கொழும்பில் இருப்பவருக்கு இரண்டாவது கேள்வி பெரிதாகத் தோன்றாது. நமக்கு அதுதான் முதல் கேள்வி.

ஃபில்லர் என்றால் உதட்டைப் பருமனாக்க ஊசியால் உள்ளே ஏற்றும் பொருள். மருத்துவர்கள் உதட்டுக்குப் பெரும்பாலும் போடுவது ஹையலுரோனிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் பொருள் அது. தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உடம்பு சீக்கிரம் கரைத்துவிடக் கூடாது என்பதற்காக அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். ரெஸ்டிலேன் என்ற ஜெல்லுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003இல் முகச் சுருக்கத்துக்கும், 2011இல் உதட்டுக்கும் அனுமதி கொடுத்தது. உதட்டுக்கான அனுமதி 21 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். இங்கிலாந்தில் 2021 ஒக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவதே குற்றம். ஏ.எல். எழுதிவிட்டு வந்து கேட்கும் தங்கச்சிமாருக்கு என் பதிலும் அதுதான்: இப்போது வேண்டாம்.

ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றரிலிருந்து 1 மில்லிலீற்றர் வரை போடுவார்கள். 1 மில்லிலீற்றர் என்பது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. இது சுமாராக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும் என்பார்கள். சிலருக்கு அதைவிட நீண்ட காலமும் தங்கிவிடுகிறது. பழையது கரையுமுன்பே மேலே மேலே போட்டுக்கொண்டு போனால் ஜெல் உதட்டின் எல்லையைத் தாண்டி மீசை வரும் இடத்துக்குப் பரவும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேலுதடு தட்டாக முன்னே தள்ளி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். நம் பெண்களில் பலருக்கு உதடு ஏற்கெனவே நிறைவானது. அரை மில்லிலீற்றரில் இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினாலே போதுமான இடத்தில், முழு ஊசியையும் தீர்த்துவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் முகம் கெட்டுப்போகிறது.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? வீக்கமும் கண்டலும் சில நாளில் போய்விடும். பயப்பட வேண்டியது இரத்தக் குழாய் அடைப்புக்கு. மேலுதட்டிலும் கீழுதட்டிலும் முகத் தமனியின் கிளைகள் ஓடுகின்றன. ஜெல் அவற்றுக்குள் போனால் அந்த இடத்துத் தசை இரத்தமில்லாமல் செத்துப்போகலாம். மிக அரிதாகப் பார்வையே போகலாம். புத்தகங்களில் "தோல் வெளுக்கும்" என்று எழுதியிருப்பார்கள். மாநிறத்திலும் கருமையிலும் அந்த வெளுப்பு சாம்பல் பூத்த மாதிரித்தான் தெரியும், எளிதில் தவறிவிடும். அதனால் உதட்டைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, வலைபோல நீலத் திட்டுகள் வந்தாலோ அது வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. உதட்டை மரக்கச் செய்யும் விறைப்பு மருந்தின் வேகம் இருக்கும்வரை வலி தெரியாமலும் இருக்கலாம்.

இந்த ஜெல்லுக்கு ஒரு மாற்று மருந்து இருப்பதால்தான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். ஹையலுரோனிடேஸ் என்ற ஊசி அதைக் கரைத்துவிடும். அடைப்பு வந்தால் சில மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். மருந்து வேறு ஊரில் இருக்கிறது என்றால் அது இல்லாத மாதிரித்தான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பாதையை மழைக்காலத்து இரவில் நினைத்துப் பாருங்கள். கண்டியிலோ கொழும்பிலோ போட்டுக்கொண்டால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சிலருக்கு அறிகுறி அடுத்த நாள்தான் தெரியவரும்.

இதிலே தோட்டத்துப் பெண்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. குளவி, தேனீ விஷத்திலும் இதே ஹையலுரோனிடேஸ் இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தோ, மூச்சு முட்டியோ வைத்தியசாலைக்குப் போனவர்களுக்கு இந்த மருந்தும் ஒவ்வாமல் போகலாம். டொக்டர் கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். உதட்டில் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர்களும் சொல்ல வேண்டும்; ஊசி குத்தினால் அது மறுபடி கிளம்பும், முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டியதுதான்.

இனி பேனா. "ஊசி இல்லை, வலி இல்லை, விலை குறைவு" என்று விற்கப்படும் ஹையலுரோன் பேனா அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பாய்ச்சுகிறது. எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே போகிறது என்பது பிடிப்பவர் கையில் இல்லை. இரத்தக் குழாய் அடைப்பு, பார்வையிழப்பு, பக்கவாதம் வரை ஆபத்து உண்டு என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஒக்டோபரில் எச்சரித்தது. ஒன்லைனில் வாங்கிய சாமானோடு வீட்டில் வைத்துச் செய்கிறவரிடம் கரைக்கும் மருந்து இருக்காது, இருந்தாலும் போடும் உரிமை அவருக்கு இல்லை. காசு மிச்சம் என்று இதற்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. செய்யவே செய்யாதீர்கள்.

நிரந்தரமாக நிற்கும் என்று சிலிக்கோன் திரவத்தைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கரைக்க மருந்தே கிடையாது. பல வருடம் கழித்தும் கட்டி கட்டியாகத் திரளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தசையைத் தளர்த்தும் பொடொக்ஸ் வகை மருந்தை மேலுதட்டின் விளிம்பில் துளித்துளியாகப் போடும் முறையில் உதடு பெருப்பதில்லை, லேசாக வெளியே மலரும், அவ்வளவுதான். இரண்டு, மூன்று மாதம் நிற்கும். ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சவும் விசிலடிக்கவும் சிலருக்குச் சிரமமாக இருக்கும். சிரிக்கும்போது மேலுதடு உள்ளே மறைந்துவிடுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

என்னிடம் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால், பாதிப் பேருக்குக் கவலை பருமனைப் பற்றியதே இல்லை. மேலுதடு கறுப்பு, கீழுதடு வெளுப்பு, நுவரெலியாக் குளிரில் வெடிப்பு. ஃபில்லர் இதில் ஒன்றையும் மாற்றாது. நிறமேற்றல் மாற்றும், ஆனால் பச்சை குத்துவது போலத் தோலுக்குள் நிறம் இறக்கும் வேலை அது. ஒன்று முதல் மூன்று வருடம் நிற்கும். கறுத்த உதட்டின் மேல் இளஞ்சிவப்பை இறக்கினால் ஆறிய பின் சாம்பல் அடிக்கலாம், காயம்பட்ட இடம் இன்னும் கறுக்கலாம். லேசரில் அழிக்கப் போனால் சில நிறங்கள் மேலும் இருண்டுவிடும். ஊசிமுனையைப் புதிதாகப் பிரித்துக் காட்டாத இடத்தில் மஞ்சட்காமாலைக் கிருமி தொற்றும் ஆபத்தும் உண்டு. வேலை நன்கு தெரிந்த, நம் நிறத்து உதடுகளில் செய்து ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டக்கூடியவர் கிடைத்தால் யோசிக்கலாம்.

அதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். வெயில், உதட்டை நக்கும் பழக்கம், ஒவ்வாத லிப்ஸ்டிக், வெற்றிலை பாக்கு எல்லாமே கறுக்க வைக்கும். வாயோரம் வெடிப்பது இரும்புச்சத்துக் குறைவாலும் வரலாம். பாக்குப் போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது குறைந்தாலோ, வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ சலூனுக்கு வராமல் பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

மிளகாய்ச் சத்தும் கறுவாவும் கலந்த பளபளப்புப் பூச்சுகள் உதட்டை எரியவைத்துக் கொஞ்ச நேரம் உப்ப வைக்கின்றன. படம் எடுக்கும் அளவுக்குப் போதும். எரிச்சல் நிற்காவிட்டால் கழுவிவிடுங்கள்.

எல்லாம் யோசித்தும் ஜெல்தான் வேண்டும் என்றால், போடுகிறவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். ஊசிப் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், தொகுதி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் மருந்து இதே அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் உதட்டைக் கொடுக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கும் நாள் வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் ஊசியை விட்டுவிடுங்கள். உதட்டு நிறத்தைவிட ஒரு படி கருமையான லைனரை இயற்கைக் கோட்டுக்கு ஒரு நூலளவு வெளியே, நடுப்பகுதியில் மட்டும் இழுத்து, உள்ளே இளநிறம் பூசி, கீழுதட்டின் மத்தியில் கொஞ்சம் பளபளப்பு வைத்தால் போதும். வாயோரங்களில் வெளியே இழுக்காதீர்கள், படத்தில் அங்கேதான் பூச்சு காட்டிக்கொடுக்கும்.