ரூபியிலிருந்து கிரிஸ்டலுக்கு வந்த ஆவணங்கள்: நான்கு வருடத் துப்புரவு அனுபவம்

கிரிஸ்டல் என்ற நிரல் மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2021 மார்ச்சில். அதே வருடம் எங்கள் குழு, ரூபி மொழியில் எழுதி வைத்திருந்த, லாக் (நிரல்கள் ஓடும்போது எழுதி வைக்கும் பதிவு) அலசும் லைப்ரரி ஒன்றைக் கிரிஸ்டலுக்கு மாற்றியது. கோடை (code, நிரல் வரிகளை) மாற்ற ஆறு வாரம் ஆனது. ஆவணத்துக்கு, அதாவது லைப்ரரியைப் பயன்படுத்தும் விளக்கத்துக்கு, ஒரே ஒரு மாலைதான். மெத்தட்களுக்கு (ஒவ்வொரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளுக்கு) மேலிருந்த விளக்கக் கமென்ட்களை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டோம். இரண்டு மொழியும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருப்பதால், ஒட்டியது பொருந்திவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அன்றிலிருந்து அந்த ஆவணத்தைச் சுத்தம் செய்வது என் பொறுப்பாக இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது தோற்றக் கோளாறு. ரூபியின் ஆவணக் கருவியான ஆர்டாக், ஒரு சொல்லைக் கோடாகக் காட்டக் கூட்டல் குறிகளுக்கு நடுவில் வைக்கும். கிரிஸ்டல் படிப்பது மார்க்டவுன் என்ற வேறொரு குறியீட்டு முறை. அதனால் பக்கம் முழுக்கக் கூட்டல் குறிகள் சிதறிக் கிடந்தன. ஆர்டாக்கில் இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி எழுதினாலே அது கோடு. மார்க்டவுனுக்கு நான்கு வேண்டும், இல்லையென்றால் மேலும் கீழும் மூன்று பின்சாய்வு மேற்கோள் (`) போட்ட வேலி வேண்டும். எங்கள் எடுத்துக்காட்டுகள் எல்லாம் உரைநடையோடு கலந்து ஓடின. இதைச் சரிசெய்ய ஒரு வார இறுதி போதும்.

அடுத்தது, இல்லாத பெயர்கள். ரூபியில் மேப் என்றும் கலெக்ட் என்றும் ஒரே வேலைக்கு இரண்டு பெயர் உண்டு. ரெட்யூஸுக்கு இன்னொரு பெயர் இன்ஜெக்ட். கிரிஸ்டலில் பெரும்பாலும் ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான். ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) இருந்த இடத்திலேயே மாற்றும் மெத்தட்களும் கிடையாது, ஏனென்றால் அங்கே ஸ்ட்ரிங் மாறாதது. இந்த வகைப் பிழைகளைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. யாராவது எடுத்துப் பயன்படுத்தினால், கோடை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் உடனே நிறுத்திவிடும்.

அரிசியில் கறுப்புக் கல் கிடந்தால் பொறுக்கிவிடலாம். பல்லை உடைப்பது வெள்ளைக் கல்தான்.

எங்களுக்கு அந்த வெள்ளைக் கல், எழுத்துகளில் ஒரு பேட்டர்னைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இருந்தது. பல வரி கொண்ட லாகில் ஒரு சொல்லோடு தொடங்கும் வரிகளை எல்லாம் எண்ண, பேட்டர்னின் முன்னால் ^ போடுங்கள் என்று ஆவணம் சொன்னது. ரூபியில் அது முழு உண்மை: அங்கே ^ எப்போதும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் குறிக்கும். கிரிஸ்டல் பயன்படுத்துவது பெர்ல் மொழியின் வழி வந்த பிசிஆர்இ என்ற தேடல் லைப்ரரி. தனியாக ஆப்ஷன் கொடுக்காவிட்டால் ^ என்பது மொத்த ஸ்ட்ரிங்கின் தொடக்கம் மட்டுமே. கம்பைல் ஆகும், ஓடும், எந்த எர்ரரும் வராது. எண்ணிக்கை மட்டும் பூஜ்யம் அல்லது ஒன்று. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மூன்று வாரம் அந்த எண்ணை நம்பி அறிக்கை கொடுத்தார். கண்டுபிடித்த அன்று, "அக்கா, டாகுமென்டேஷன்ல இருக்கிறபடிதானே எழுதினேன்" என்றார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ஆவணத்தை நம்பியவரை ஆவணமே கைவிட்டதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் வரிக்கு வரி படிக்க ஆரம்பித்தேன். ரூபியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. கிரிஸ்டலில் 3.5 வரும், 3 வேண்டுமென்றால் சாய்கோட்டை இரண்டு முறை போட வேண்டும். அர்ரேயின் (வரிசைப் பட்டியலின்) எல்லையைத் தாண்டிய இடத்தைக் கேட்டால் ரூபி நில், அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பைத் தரும். கிரிஸ்டல் எர்ரர் எழுப்பும், நில் வேண்டுமென்றால் அடைப்புக்குப் பின் கேள்விக்குறி போட்டுக் கேட்க வேண்டும். முழு எண் எவ்வளவு பெரிதானாலும் ரூபி தாங்கும். கிரிஸ்டலில் சாதாரணமாக எழுதும் எண் 32 பிட், கணக்கின் விடை 2,147,483,647-ஐத் தாண்டினால் நிரல் எர்ரரோடு நின்றுவிடும். எங்கள் ஆவணத்தில் "எந்த அளவு எண்ணும் சரி" என்று ஒரு வாக்கியமே இருந்தது.

இதைவிட நுட்பமான இடம் உரைநடை. "நில் கொடுத்தால் நோமெத்தட்எர்ரர் வரும்" (அப்படி ஒரு மெத்தட் இல்லை என்ற எர்ரர்) என்று பதினைந்து இடங்களில் எழுதியிருந்தோம். கிரிஸ்டலில் அப்படி ஓடும்போது வரும் எர்ரரே கிடையாது, அந்தத் தவறு கம்பைல் ஆகும்போதே பிடிபட்டுவிடும். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் இல்லை. மனிதர்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கிரிஸ்டலோடு வரும் ஆவணக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் தானியங்கி இணைப்பு. பின்சாய்வு மேற்கோளுக்குள் மெத்தட் பெயரை எழுதினால், அது உண்மையில் இருந்தால் இணைப்பாக மாறும். மாறவில்லை என்றால் பெயரில் சந்தேகம். செத்த பெயர்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் பிடித்தேன். குறை என்று பார்த்தால், மெத்தட் திருப்பித் தரும் மதிப்பின் டைப்பை (எண்ணா, ஸ்ட்ரிங்கா என்ற வகையை) நாம் கோடில் எழுதாவிட்டால் அது பக்கத்தில் வராது, கம்பைலருக்குத் தெரிந்திருந்தாலும் கூட. அதனால் வெளியே தெரியும் எல்லா மெத்தட்களிலும் டைப்பை எழுதிவிட்டோம். ரஸ்ட் மொழியில் இருப்பதுபோல் எடுத்துக்காட்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் கிரிஸ்டலில் கூடவே வருவதில்லை.

அதற்குச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். கமென்ட்களிலிருந்து கோடைப் பிரித்தெடுத்து ஓட்டி, பக்கத்தில் எழுதிய விடையோடு ஒப்பிடும். அந்த ^ எடுத்துக்காட்டில் விடையே எழுதப்படவில்லை, அதனால்தான் அத்தனை நாள் தப்பியது. இப்போது விடை இல்லாத எடுத்துக்காட்டை ஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளாது.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு என் கருத்து: பழைய வாக்கியத்தை ஒட்டுப்போட்டுத் திருத்தாதீர்கள். முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு சொல்லை மாற்றினால் அடுத்த பத்தியில் ரூபியின் அனுமானம் அப்படியே நிற்கும். இப்போது மெத்தட்டின் கோடை மட்டும் திறந்து வைத்து, பழைய கமென்டைப் பார்க்காமல் புதிதாக எழுதுகிறேன். அப்புறம்தான் பழையதைத் திறந்து, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பார்க்கிறேன். ஒரு மெத்தட்டுக்கு இருபது நிமிடம் ஆகிறது. நேர மண்டலம் பற்றிய பகுதி மட்டும் இன்னும் பாக்கி, அதன் மேலே "ரூபி காலத்து விவரம், சரிபார்க்கவில்லை" என்று ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன்.