டர்போ காருக்கு எக்ஸ்ட்ரா ஃப்யூல் பம்ப் மாட்டியிருக்கீங்களா? சாவியைப் போட்டு ஒரு நிமிஷம் கேளுங்க

போன மாசம் அம்மாவைப் பெருந்துறைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப விஜயமங்கலம் டோல்கேட் வரிசையில நின்னுட்டிருந்தோம். "ஏங்கண்ணு, பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குதே"ன்னாங்க பின்சீட்டுல இருந்து. ஓரங்கட்டி, சாவியை எடுத்துட்டுக் குனிஞ்சு பார்த்தேன். டேங்குக்குப் பக்கத்துல புதுசா மாட்டின பம்ப்போட ஹோஸ்ல இருந்து பெட்ரோல் சொட்டிட்டிருந்துச்சு. அரை அடி தள்ளி சைலன்சர் பைப். அம்மாவை இறக்கித் தூரமா நிக்க வெச்ச பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வண்டி ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர் டர்போ, கம்பெனி பவர் 114 பிஎஸ். ரீமேப் பண்ணி, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி, பூஸ்ட் (டர்போ தள்ற காத்தோட அழுத்தம்) ஏத்தினதும் மேல் ஆர்பிஎம்முல டேங்க் பம்ப்புக்குத் தெம்பு பத்தலை. காத்துக்குத் தக்க பெட்ரோல் இல்லாம லீனா ஓடினா, உள்ள தாறுமாறா வெடிச்சு (நாக்கிங்) பிஸ்டன் போயிடும். அதனால லைன்ல துணைக்கு இன்னொரு பம்ப். அந்த யோசனை சரிதான்னு இப்பவும் சொல்றேன். மாட்டின விதத்துலதான் ஏமாத்திட்டாங்க.

மாட்டினது கோயமுத்தூர்ல ட்யூனிங் பண்ற ஒர்க்‌ஷாப். "ரிலே, ஃப்யூஸ், இன்ஜெக்‌ஷன் ஹோஸ் எல்லாம் போட்டாச்சுங்ணா, தைரியமா ஓட்டுங்"ன்னார் கடைக்காரர். 32,000 ரூபாய். பில்லுல "ஃப்யூல் லைன் ஒர்க்"னு ஒரே வரி.

பெருந்துறைக்குக் கட்டி இழுத்துட்டுப் போனேன். அங்க வயசான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அடியில படுத்துப் பார்த்துட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கார்புரேட்டர் வண்டிக்குப் போடற ஹோஸ், மேல 30ஆர்7னு அச்சு. இன்ஜெக்‌ஷன் லைன்ல மூணு பாருக்கு மேல பிரஷர் நிக்கும், அதுக்கு 30ஆர்9 வேணும். பம்ப்பை ஆன் ஆஃப் பண்ற ரிலே இல்லை. ஃப்யூஸ் இல்லை. இக்னிஷன் ஒயர்ல நேரா முறுக்கி டேப் சுத்தி வெச்சிருந்தாங்க.

இந்த ஒயரிங்தான் எனக்கு இன்னும் ஆறலை. கம்பெனி ஒயரிங்ல சாவி போட்டா பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஓடி நின்னுடும். இன்ஜின் சுத்துதுன்னு ஈசியுவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) தெரிஞ்சாத்தான் மறுபடி ஓடும். எங்கியாவது மோதி இன்ஜின் நின்னா பம்ப்பும் நின்னுடும். ஹோஸை மாத்திட்டு அவர் என் வண்டியில சாவியை மட்டும் போட்டார். பம்ப் உறுமிட்டே இருந்துச்சு. நானும் நின்னு கேட்டேன், நிக்கவே இல்லை. மோதி ஹோஸ் பிஞ்சிருந்தா, சாவியை எடுக்கற வரைக்கும் பெட்ரோலை வெளியே ஊத்திட்டே இருந்திருக்கும்.

ஒயரும் மெலிசு. இன்ஜின் ஓடறப்ப பேட்டரியில 13.9 வோல்ட், பம்ப்புல 10.8. வோல்ட் குறைஞ்சா பம்ப் தள்றதும் குறையும். நாலாவது கியர்ல அழுத்தினா ஒரு சத்தம் கேட்டுச்சு, கடையில "ஓட ஓட செட் ஆயிடுங்ணா"ன்னு சொன்னாங்க; அந்தச் சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

கடைக்குப் போன் பண்ணினேன். "ரேஸ் வண்டிக்கே இப்படித்தாங்ணா போடறோம்"ன்னாங்க. செட்டிபாளையம் காரி ரேஸ் ட்ராக்ல ஓட்டற நண்பர்கிட்டக் கேட்டேன். ரேஸ் வண்டியில மொத்தக் கரண்டையும் வெளியே இருந்தே அணைக்க சுவிட்ச் இருக்கும்னார்.

பெரியவர் டேங்க் பம்ப் ஒயர்ல இருந்து ரிலேவுக்கு சிக்னல் எடுத்து, பேட்டரிகிட்ட ஃப்யூஸ் வெச்சு, தடிச்ச ஒயர் இழுத்துக் கொடுத்தார். ஹோஸோட சேர்த்து 4,200 ரூபாய். இப்ப அந்தச் சத்தம் இல்லை.

கடையில இருந்து பணம் வரலை, போனையும் எடுக்கறதில்லை. எங்க மாட்டியிருந்தாலும் சரி, இன்னைக்கே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டுக் கேளுங்க. மூணு நாலு செகண்ட்ல பம்ப் நிக்கலைன்னா ஒயரைக் கழட்டச் சொல்லுங்க. பெட்ரோல் வாசம் வந்தா மட்டும் சாவியைப் போடவே போடாதீங்க.