ஐடி வேலையை வெளியே கொடுக்கப் போகிறீர்களா? 3,85,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

இன்று காலைதான் கடைசிப் பணத்தைக் கட்டினேன். கோபம் ஆறவில்லை. இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. சர்வர், மெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பையனுக்கு மாதச் சம்பளம் 35,000. அவன் வேலையை விட்டதும், இந்த வேலையையே மாதக் கட்டணத்துக்கு எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனம் வந்தது. 28,000 என்றார்கள். வருஷத்துக்கு 84,000 மிச்சம். பேச வந்தவர் சர்வர் ரூமுக்குள் போய், தூசி படிந்த யு.பி.எஸ்ஸைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "இனிமே இது எங்க தலைவலிங்க, நீங்க துணியைப் பாருங்க" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் கையெழுத்து விழுந்தது.

ஒரு சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது, இ-இன்வாய்ஸுக்கு, அதாவது அரசுத் தளத்தில் பதிய வேண்டிய பில்லுக்கு, ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் வரவில்லை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். அது இல்லாத பில் செல்லாது. போன் போட்டால், "அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ஸ்கோப்ல இல்லீங்க. ஆறு மணிக்கு மேல வந்தா எமர்ஜென்சி சார்ஜுங்க." வேறு வழி? வரச் சொன்னோம்.

அப்புறம் எல்லாமே தனி பில்தான். புது கம்ப்யூட்டர் சேர்த்தால் தனி, ஃபயர்வால் லைசென்ஸ் தனி. பேக்கப் எடுப்பது ஒப்பந்தத்தில் உண்டாம், அதைத் திரும்ப ஏற்றித் தருவது இல்லையாம். சாப்பாடு இலவசம், இலைக்குக் காசு!

விலகுகிறோம் என்றதும்தான் சுயரூபம் தெரிந்தது. அட்மின் பாஸ்வேர்டு அவர்களிடம். டொமைனையும், அதாவது எங்கள் மெயில் முகவரியில் @-க்கு அப்புறம் வரும் பெயரையும், அவர்கள் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் "டிக்கெட் போடுங்க சார்". போட்டால் "மேனேஜர் லீவுங்க". அதற்கப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும். கடைசியில் ஒரு மெயில் வந்தது: ஒப்படைப்புக் கட்டணம் கட்டினால்தான் டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு. எங்களிடம் துணி வாங்கும் பையர்கள் எல்லோருக்கும் அந்த மெயில் முகவரிதான் தெரியும். கட்டித் தொலைத்தோம்.

மாதக் கட்டணத்தைச் சேர்க்காமலே 3,85,000. இதில் ஜி.எஸ்.டி.யைக்கூட நான் சேர்க்கவில்லை. 84,000 மிச்சம் பிடிக்கப் போய் 3,85,000!

சரி, சொல்கிறேன் என்றேனே. டொமைன் உங்கள் கம்பெனி பெயரில், உங்கள் மெயில் ஐடியில் இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு ஒன்று உங்கள் பீரோவில் இருக்கட்டும். எதெல்லாம் கட்டணத்தில் சேராது, விலகினால் என்ன கட்ட வேண்டும், இரண்டையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேக்கப்பை ஒருமுறை திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன், பாதிப் பேருக்கு இன்னும் மெயில் வரவில்லை என்று ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள்.