கேழ்வரகு, சாமை, கம்பு: எங்கள் பிஸ்கட்டில் எது நின்றது

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து பிஸ்கட் போட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. பழைய மாட்டுக் கொட்டகைக்குத் தரை போட்டு, ஜன்னலுக்கு வலையடித்து, இரண்டு அடுக்கு கேஸ் ஓவன் ஒன்றை வைத்திருக்கிறோம். வாரத்துக்கு நான்கு நாள் வேலை. அதிகபட்சமாகப் போட்டது வாரம் 60 கிலோ. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்த தானியம், ஹைட்ரஸ் ரசாயனம் போட்டு வெளுக்காத வெல்லம், வீட்டு நெய், செக்கில் ஆட்டிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய். மைதாவும் டால்டாவும் உள்ளே வருவதில்லை. முதல் இரண்டு வருஷம் கேழ்வரகு, சாமை, கம்பு மூன்றிலும் போட்டோம். போன ஆடியிலிருந்து கேழ்வரகு மட்டும்தான்.

ஏன் மற்ற இரண்டையும் விட்டீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிலும் சிறுதானிய பிஸ்கட் தொடங்கலாம் என்று யோசிக்கிற பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சத்துக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. கம்பில் இரும்புச்சத்து நன்றாக இருக்கிறது. சாமை வயிற்றுக்கு லேசு. மூன்றும் நல்லவைதான். மூன்றிலும் கோதுமையின் பசை கிடையாது, அதனால் தனியாகப் போட்டால் பிஸ்கட் கையிலேயே உதிரும். நாங்கள் கால் பங்கு சம்பா கோதுமை மாவு சேர்க்கிறோம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடக் கூடாது என்று பாக்கெட்டிலும் அச்சடித்திருக்கிறோம்.

ருசி அவரவர் நாக்கு. எனக்குக் கம்பு பிஸ்கட்தான் மூன்றிலும் பிடித்தது, இன்றைக்கும் அப்படித்தான். விலையில் சாமை அரிசி ரொம்ப ஏறும். நாங்கள் வாங்கிய விலையில் அது கேழ்வரகைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இதெல்லாம் தெரிந்துதான் மூன்றிலும் ஆரம்பித்தோம். முதல் வருஷம் எங்களுக்குப் பிடிபடாமல் இருந்தது வேறு ஒன்று: எது எத்தனை நாள் கெடாமல் நிற்கும் என்பது. மூட்டையில் எத்தனை மாதம், மாவாக எத்தனை நாள், பிஸ்கட்டாக எத்தனை வாரம். பெரிய கம்பெனிகள் எண்ணெய் கெடாமல் இருக்க மருந்து சேர்க்கலாம், தானியக் கிடங்கில் புகைமாத்திரை போடலாம். நமக்கு இரண்டும் கிடையாது. அந்த வேலையைத் தானியமே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலூர் வெயிலில் அது சின்ன விஷயமில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரை போட்ட கடைக்குள் அலமாரியில் உட்கார்ந்திருக்கிற பாக்கெட்டுக்கு இன்னும் கூடும்.

கம்பு எங்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. கம்பில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. முழுத் தானியமாக இருக்கிற வரை அது முளைப்பகுதிக்குள் பத்திரமாக இருக்கும். அரைத்த நிமிஷம் முதல் கொழுப்பும் அதைச் சிதைக்கிற நொதியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெயில் காலத்தில் ஒரே வாரத்தில் மாவில் கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். நம் பாட்டிமார்கள் கம்பை அன்றன்றைக்கு இடித்துக் கூழ் காய்ச்சியது இதனால்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் முதலில் 20 கிலோவை மொத்தமாக மிஷினில் கொடுத்து அரைத்து, டிரம்மில் கொட்டி, பத்து நாள் வைத்துப் போட்டோம். ஓவன் சூட்டில் அந்த நொதி செத்துப்போகும், பிறகு பயமில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். நொதி போகும், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் மாவில் நடந்த கேடு பிஸ்கட்டுக்குள் அப்படியே இருக்கும். நான்காவது வாரம் ஒரு கடையிலிருந்து 18 பாக்கெட் திரும்பி வந்தது. பிரித்தவுடன் பழைய எண்ணெய்ச் சட்டி வாடை. கடைக்காரர் திட்டக்கூட இல்லை. "வேற ஏதாவது இருந்தா குடும்மா" என்றார். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் அன்று காலையில் அரைத்து அன்றே போட்டோம். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அரைப்பதற்கு முன் கம்பை லேசாக வறுத்துக்கொண்டால் இன்னும் சில நாள் கூடும். ஆனால் எங்கள் ஊரில் மிஷின் திறப்பது ஒன்பது மணிக்கு, கரண்ட் போனால் பதினொன்று. மாவு ஆறி, பிசைந்து, வெட்டி, சுட்டு, ஆறவைத்துக் கட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். வீட்டிலேயே சின்ன மாவு மிஷின் இருக்கிறவர்களுக்குக் கம்பு சரிப்பட்டு வரலாம். மூட்டையில் வண்டு துளைப்பதும் கம்பில்தான் எங்களுக்கு அதிகம். வேப்பிலை, நொச்சியிலை, மாதம் ஒரு முறை வெயிலில் காயவைப்பது எல்லாம் செய்தோம். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

சாமை விஷயம் வேறு. ஜவ்வாது மலைச் சாமை என்றால் சென்னைக்காரர்கள் பெயரைக் கேட்டே வாங்குகிறார்கள். மலைமேல் பீஞ்சமந்தைப் பக்கம் மலைவாழ் மக்கள் காலம்காலமாக விளைவிக்கிறார்கள், பலர் உரமே போடுவதில்லை. பிஸ்கட்டும் பார்க்க அழகு. இளமஞ்சளாக, மைதா பிஸ்கட் மாதிரியே இருக்கும். குழந்தைகள் யோசிக்காமல் எடுப்பார்கள்.

சிக்கல் உமியில்தான். சாமை உமியோடு இருக்கிற வரை வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் உமியை எடுக்காமல் மாவாக்க முடியாது, உமி எடுத்தபின் அது நாள் தாங்காது. எங்களுக்கு 100 கிலோ சாமை நெல்லுக்கு 60-லிருந்து 65 கிலோ அரிசிதான் கிடைத்தது. அதிலும் உமி நீங்காத மணிகள் சில கலந்திருக்கும். ஒன்று மாவில் சேர்ந்தால்கூடத் தொண்டையில் குத்தும். தவிட்டோடு வைத்தால் அதிலுள்ள எண்ணெயால் சிக்கு ஏறும். தவிட்டை நன்றாகத் தீட்டிவிட்டால் நிற்கும், ஆனால் அதோடு சத்தும் போய்விடும். பிறகு எதைச் சொல்லி விற்பது? தவிட்டோடு போட்ட எங்கள் சாமை பிஸ்கட் கோடையில் ஆறு, ஏழு வாரம் நன்றாக இருந்தது. கம்பை விட மேல். ஆனால் நாங்கள் அப்போது சாமை வாங்கியது ஒரே ஒரு தை மாத அறுவடையில், ஒரே ஒரு மிஷினில் உமி நீக்கி. வேறு மிஷினில், வேறு வருஷத்துச் சாமையில் எப்படி வரும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உமி நீக்கும் மிஷின் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கேழ்வரகு. எங்கள் அத்தை இதைக் கேவுரு என்றுதான் சொல்வார். அவர் சின்ன வயதில் மழை பொய்த்த வருஷங்களில் குதிரில் கிடந்த மூன்று வருஷத்துக் கேவுருவை எடுத்துக் களி கிண்டியிருக்கிறார்கள். புழு இல்லை, வாடை இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. மணி அவ்வளவு சிறிசு, உள்ளே புகுந்து முட்டை வைத்து வளர வண்டுக்கு இடம் போதாது. கொழுப்பும் குறைவு, 2 சதவீதத்துக்குள். கம்பில் பாதிகூட இல்லை. சாமை மாதிரி உமி நீக்க மிஷின் தேட வேண்டியதில்லை. தேய்த்துப் புடைத்தால் சுத்தமாகிவிடும். தோலோடு அரைக்கலாம், அந்தத் தோலில்தான் கால்சியமும் துவர்ப்பும் அதிகம்.

எங்கள் கொட்டகையில் ஒரு வருஷத்துக் கேழ்வரகு, 14 மூட்டை, பலகை மேல் அடுக்கிக் கிடக்கிறது. அறுவடை சமயத்தில் தெரிந்த மூன்று விவசாயிகளிடம் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். அவர்களுக்கும் கையில் பணம், எங்களுக்கும் வருஷம் முழுக்க ஒரே விலை. கம்பில் இதைச் செய்யத் துணிந்திருக்க மாட்டேன். சிறிய அளவில் மருந்தில்லாமல் தொழில் நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மாதாமாதம் தானியம் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். மாவைப் பத்து நாளைக்கு ஒரு முறை அரைக்கிறோம். அரைத்தபின் அதிலும் செவ்வண்டு வரும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. பிஸ்கட்டாகப் போட்டதை 90 நாள் கழித்துப் பிரித்தும் பார்த்துவிட்டோம், சிக்கு இல்லை. ஆனாலும் பாக்கெட்டில் 60 நாள் என்றுதான் போடுகிறோம்.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் தொல்லை மண். எங்கள் பக்கத்தில் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கியே மணி உதிர்ந்துவிடும். காட்பாடியில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு விற்கும்போது, வாங்கின இடத்திலேயே கடித்துப் பார்த்த ஒரு டீச்சரம்மா நறநறவென்று மண் கடிபடுவதாகச் சொல்லி மிச்சத்தைத் திருப்பி வைத்தார். நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் சொன்னது சரி.

அடுத்த அறுவடைக்கு முன்னாலேயே விவசாயியிடம் போய்ப் பேசினேன். "ஏம்மா, ரோட்ல போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். களத்துல போட்டா ரெண்டு நாள் ஆளு வெக்கணும்" என்றார். "அந்த ரெண்டு நாள் கூலிய நான் குடுத்துடறேன், மாமா. ரோட்ல மட்டும் போடாதீங்க" என்றேன். இப்போது தார்ப்பாய் விரித்த களத்தில்தான் அடிக்கிறார்கள். வாங்கி வந்தபின் நாத்தனார் மூன்று தண்ணீர் அலசுவாள். அகலமான அலுமினியத் தவலையில் தண்ணீர் விட்டு, கையால் சுற்றிச் சுற்றி, மேலே வருவதை மட்டும் கூடையில் சாய்த்து அரிப்பாள். அடியில் தங்குவதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பாள். மூன்றாவது தண்ணீரில் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் பாய்க்குப் போகும். ஒரு மூட்டைக்கு அரை நாள் இதற்கே போகிறது. ஆனால் அந்த டீச்சரம்மாவுக்குப் பிறகு மண் என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது தொல்லை நிறம். மாவே கறுப்புச் சிவப்பு, அதனால் வெந்ததா கருகினதா என்று கண்ணுக்குத் தெரியாது. 160 டிகிரியில் 18 நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கிறோம், ஆனால் கணக்கை மட்டும் நம்புவதில்லை. தட்டின் நடுவில் இருக்கிற ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்துப் பார்ப்போம். உள்ளே ஈரக்கோடு ஒன்று மெல்லிசாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். வெல்லம் பாகாகும் வாசனை போய்க் காப்பிக்கொட்டை மாதிரி வாசனை வந்தால் தாண்டிவிட்டது.

முளைகட்டிய கேழ்வரகிலும் ஒரு மாதம் போட்டோம். இனிப்பு தானாகவே வருகிறது, வெல்லத்தைக் குறைக்கலாம். ஆனால் தட்டில் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, சீக்கிரம் கருகவும் செய்தது. பக்குவம் பிடிபடும் முன்பே நிறுத்திவிட்டோம், அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிஸ்கட் நமத்துப்போவதற்குத் தானியத்தைக் குறை சொல்ல முடியாது, வெல்லம்தான் ஈரத்தை இழுக்கிறது. அதற்குக் கனமான கவர் போட்டுச் சூட்டில் ஒட்டுவதைத் தவிர வேறு வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆர்கானிக் என்ற வார்த்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். கடையில் வைக்கிற பாக்கெட்டில் அந்த வார்த்தையைப் போட வேண்டுமென்றால் முறையான சான்றிதழ் வேண்டும், அதற்கான அரசு முத்திரை வேண்டும். எங்களிடம் அது இல்லை. அதனால் நாங்கள் போடுவதில்லை. யார் நிலத்தில் விளைந்தது, எப்போது அறுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வைக்கிறோம். கேட்கிறவர்களை நிலத்துக்கே கூட்டிப் போகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் முதல் நாளே எடுத்துவிட்டோம், அது யாருக்கும் கட்டாயம்.

சாமையை நாங்கள் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. இந்தத் தையில் மலையிலிருந்து 10 கிலோ சாமையை உமியோடு வாங்கி வந்தோம். மாசியில் அத்தை அதை மிஷினுக்கு அனுப்ப விடாமல் உரலில் குத்தி, புடைத்து, கல் பொறுக்கிக் கொடுத்தார். அன்றைக்கே அரைத்து, அன்றைக்கே சுட்டு, எட்டு பாக்கெட் கட்டினோம். இரண்டை உடனே பிரித்துப் பார்த்தோம், நன்றாக இருந்தது. மிச்சம் ஆறும் ஓவனுக்கு எதிர்ச் சுவரில், வெயில் விழுகிற அலமாரியில், கேழ்வரகு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மாசி 12 என்று நாத்தனார் மேலே எழுதி ஒட்டியிருக்கிறாள். வைகாசி முடிகிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லியாகிவிட்டது.